கடைசிச் சுற்று, கறுப்புக் காய், அரைப் புள்ளி போதும்: டி4-க்கு எதை ஆடலாம்?

சதுரங்கப் போட்டியின் கடைசி நாள் காலையில் மாணவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். "சார், எனக்குக் கறுப்பு. டிரா பண்ணினா பரிசு உறுதி. எதிராளி டி4 ஆடுறவர். லாஸ்கர் ஆடவா, ஸ்லாவ் ஆடவா?" காலை எட்டு மணிக்கு இதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்காது. அன்று காலை தேர்ந்தெடுத்த ஓப்பனிங் (தொடக்க ஆட்ட முறை) அன்று மதியம் காப்பாற்றாது. அதனால் நேரம் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். (டி4, சி8 என்பவை பலகைக் கட்டங்களின் பெயர்கள்; முன்னால் வரும் எண் எத்தனையாவது நகர்த்தல் என்பது; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்.)

நான் பேசப்போவது 1.டி4 டி5 2.சி4 என்று தொடங்கும் குயின்ஸ் கேம்பிட் பற்றி மட்டும். கிங்ஸ் இந்தியன், குரூன்ஃபெல்ட் எல்லாம் வேறு குணம் கொண்ட ஆட்டங்கள். இங்கே கறுப்பின் விருப்பம் எளிமையானது. நடுவில் ஒரு சிப்பாயை ஊன்றி வைத்து, காய்களை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் கை குலுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல போட்டிகளில் 30 நகர்த்தலுக்கு முன் டிரா பேச விதி இடம் தராது. இடம் தந்தாலும், ஜெயித்தே ஆக வேண்டிய எதிராளி ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே 15ஆவது நகர்த்தலில் சமநிலை வந்தால் வேலை முடிந்தது என்று எண்ணி எந்த ஓப்பனிங்கையும் எடுக்காதீர்கள். அந்தச் சமநிலையை இன்னும் 40 நகர்த்தலுக்கு உங்கள் கையால் தூக்கிச் செல்ல முடியுமா என்று பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

என் முதல் அளவுகோல் ஒரே ஒரு காய்: கறுப்பின் சி8 பிஷப், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் சி8 கட்டத்தில் நிற்கும் மந்திரி. 2...ஈ6 ஆடிய நொடியில் அதன் வழியைக் கறுப்பே அடைத்துவிடுகிறது. குயின்ஸ் கேம்பிட்டின் எல்லாப் பாதுகாப்புகளும் இந்த பிஷப்பை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள்தாம். ஒரு வேரியேஷனை (ஓப்பனிங்கின் கிளை வரிசையை) படிக்குமுன் "இதில் சி8 பிஷப் எப்போது, எந்த வழியாக வெளியே வரும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்த வேரியேஷன் உங்களுக்கு இன்னும் தெரியாது என்றே பொருள்.

இரண்டாவது, வெள்ளை எங்கே விலகிப் போகலாம் என்பது. நீங்கள் படித்துவைத்த நிலைக்கு எதிராளி வராமலே போகலாம். யாரும் கணக்கில் சேர்க்காத செலவு இது.

மூன்றாவது, மனப்பாடம் எவ்வளவு, புரிதல் எவ்வளவு. நான்காவது, எவ்வளவு நேரம் இறுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஐந்தாவது, எதிராளி தடுமாறினால் முழுப் புள்ளியை எடுக்க நிலையில் ஏதாவது மிச்சம் இருக்குமா? டிரா போதும் என்று உட்கார்ந்தவருக்கும் இது முக்கியம். ஜெயிக்கும் வழியே இல்லாத நிலையில் எதிராளி பயமில்லாமல் தள்ளிக்கொண்டே இருப்பார்.

## லாஸ்கர் பாதுகாப்பு

1.டி4 டி5 2.சி4 ஈ6 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.பிஷப் ஜி5 பிஷப் ஈ7 5.ஈ3, பிறகு கறுப்பு கோட்டை கட்டுகிறது (காஸ்லிங்). 6.குதிரை எஃப்3 எச்6 7.பிஷப் எச்4 குதிரை ஈ4. இதுதான் லாஸ்கர். இமானுவேல் லாஸ்கர் 1907இல் மார்ஷலுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியில் ஆடியது. நூறு ஆண்டு கடந்தும் தேயவில்லை.

அந்தக் குதிரை ஈ4-க்குப் போனதும் இரண்டு ஜோடிக் காய்கள் பலகையை விட்டு இறங்கப்போகின்றன. 8.பிஷப் ஈ7-ஐ வெட்ட, ராணி திரும்ப வெட்டுகிறது. 9.யானை சி1 சி6 10.பிஷப் டி3, இப்போது குதிரை சி3-ஐ வெட்டுகிறது, 11.யானை திரும்ப வெட்டியதும் டி5 சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது; 12.பிஷப் சி4-ஐ வெட்ட, குதிரை டி7. அடுத்து கறுப்புக்கு இரண்டு பாதைகள். ஈ5 தள்ளினால் சி8 பிஷப்புக்கு முன்னால் வழி திறக்கும். பி6 ஆடினால் பின்பக்கமாக பி7-க்கு வரும். இடம் குறைவாக இருப்பவருக்குக் காய் மாற்றம் மூச்சு விடும் வழி; லாஸ்கர் அதை ஏழாவது நகர்த்தலிலேயே தொடங்கிவிடுகிறது.

இதன் பலத்துக்கு 2010 மே 11, சோஃபியாவை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. உலகச் சாம்பியன் போட்டியில் டோபலோவும் ஆனந்தும் ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. கடைசியான 12ஆவது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. டிரா ஆனால் பட்டத்தை முடிவு செய்ய ரேபிட் டைபிரேக் (வேக ஆட்டங்கள்). அந்த நாளுக்கு அவர் எடுத்தது லாஸ்கர்.

அந்த ஆட்டத்தில் அவருடைய சி8 பிஷப்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில் பி7. அங்கிருந்து ஏ6, பிறகு டி3, மறுபடி ஏ6, மறுபடி பி7. வெள்ளைக் குதிரை ஏ5-க்கு வந்து விரட்டியதும் ஏ8. பலகையின் மூலையில் போய் ஒண்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் வெள்ளை ராஜா நிற்பது ஜி2-வில், அதே மூலைவிட்டத்தில். 31ஆவது நகர்த்தலில் கறுப்பு ஈ4 தள்ள, டோபலோவ் 32ஆவதில் எஃப் சிப்பாயால் அதை வெட்டினார். கோடு திறந்துவிட்டது. ராணி ஈ4-ஐ வெட்டி செக் சொன்னது, ராஜா எச்3-க்கு ஓடியது, வேட்டை தொடங்கியது. 56ஆவது நகர்த்தலில் டோபலோவ் ஒப்புக்கொண்டார். டிராவுக்கு என்று பெயர் வாங்கிய ஓப்பனிங்கில், ஊமை பிஷப் என்று எல்லோரும் சொல்லும் காய் பட்டத்தைக் காத்துக் கொடுத்தது.

இனி செலவு. ஒன்று, வெள்ளை 9ஆவது நகர்த்தலில் சி சிப்பாயால் டி5-ஐ வெட்டினால் கதை மாறும். குதிரை சி3-ஐ வெட்ட, பி சிப்பாய் திரும்ப வெட்ட, ஈ சிப்பாய் டி5-ஐ வெட்டும். வெள்ளைக்கு நடுவில் கனமான சிப்பாய்க் கூட்டம். 11.ராணி பி3 யானை டி8 12.சி4, கறுப்பு வெட்ட, 13.பிஷப் சி4. இங்கே 13...குதிரை சி6 என்ற ஒரு நகர்த்தல் கையில் இருக்க வேண்டும். அடுத்து குதிரை ஏ5 வந்தால் ராணியும் பிஷப்பும் ஒருசேர மாட்டும். இது தெரியாமல் லாஸ்கர் ஆட உட்காராதீர்கள்.

இரண்டு, லாஸ்கர் வருவதற்கு வெள்ளை பிஷப் ஜி5-க்கு வந்தாக வேண்டும். அது எஃப்4-க்குப் போனால் மாற்ற எதிரே காயே இல்லை. 2014 சோச்சி உலகச் சாம்பியன் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளையில் 5.பிஷப் எஃப்4 ஆடினார், 7ஆவதில் சி5 தள்ளினார். அந்தச் சிப்பாய் கடைசியில் சி7 வரை போய் நின்றது. கார்ல்சனே அதைத் தடுக்க முடியாமல் தோற்றார்.

## பழைய ஆர்த்தோடாக்ஸ்: கபாபிளாங்காவின் வழி

1927இல் புவனஸ் அயர்ஸில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காகக் கபாபிளாங்காவும் அலேகினும் மோதிய 34 ஆட்டங்களில் 32 குயின்ஸ் கேம்பிட் டிக்ளைண்டு (கறுப்பு சி4 சிப்பாயை வெட்டாமல் ஈ6 ஆடும் வகை). அலேகின் 6, கபாபிளாங்கா 3, மீதி 25 டிரா. இந்த ஓப்பனிங்கின் டிரா முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். அலுப்பு தட்டாது. ஒரே நிலையில் இருவர் மாறி மாறி ஒரு இழை மட்டும் மாற்றிப் பார்ப்பது தெரியும்.

வழி இது. கறுப்பு குதிரையை டி7-க்கும் சிப்பாயை சி6-க்கும் வைத்துக் காத்திருக்கிறது. வெள்ளை பிஷப் டி3-க்கு வந்ததும் 8...டி5 சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது. வெள்ளை பிஷப் ஒரே வேலைக்கு இரண்டு தடவை நகர வேண்டியதாகிறது. 9.பிஷப் சி4 குதிரை டி5 10.பிஷப் ஈ7 ராணி ஈ7. வெள்ளை கோட்டை கட்டினால் குதிரைகளை மாற்றி 12...ஈ5. சி8 பிஷப்புக்கு வழி பிறந்துவிடும்.

அலேகின் இதற்கு 11.குதிரை ஈ4 என்று குதிரையை மாற்ற மறுத்தார். கறுப்பு 11...குதிரை எஃப்6, வெள்ளை 12.குதிரை ஜி3. அப்போது 12...ராணி பி4 செக்! 13.ராணி டி2, ராணிகள் மாறுகின்றன, 14.ராஜா டி2. ராணிகள் இறங்கிவிட்டன, ஆனால் நிம்மதி வரவில்லை. வெள்ளை ராஜா நடுவில் நிமிர்ந்து நிற்கிறது, அடுத்து ஈ4 வரும். கறுப்பு பிஷப் இன்னும் சி8-இல்தான். பி6, பிஷப் பி7, சமயம் பார்த்து சி5 என்று பொறுமையாக அவிழ்க்க வேண்டும். அவிழும். ஆனால் மூன்று மணி நேரம் ஆகும்.

இதன் செலவு அந்த மூன்று மணி நேரம்தான். பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ராணி மாறியதும் எழுந்து மற்ற போர்டுகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது டி வரிசை வெள்ளையிடம் போயிருக்கும்.

ஒரு சின்ன லாபமும் உண்டு. 4...குதிரை பி8-இலிருந்து டி7 என்ற வரிசையில், 5ஆவதில் வெள்ளை டி5-இல் வெட்டி, 6ஆவதில் குதிரையால் டி5 சிப்பாயைத் தின்ன ஆசைப்பட்டால் காலி. கறுப்புக் குதிரை திரும்ப வெட்டும், வெள்ளை பிஷப் டி8-இல் ராணியை வெட்டும், பிஷப் பி4 செக் வரும். ராணியைத் திருப்பிக் கொடுத்துத்தான் தீர வேண்டும். முடிவில் ஒரு காய் நஷ்டம். இந்தப் பழைய பொறியில் இன்றும் ஆள் விழுவதைப் பார்க்கிறேன். 6...ராணி ஏ5 என்று தொடரும் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸும் இதே வரிசையிலிருந்து பிறப்பதுதான். அது பொறிகள் நிறைந்த ஆயுதம், டிரா தேடுபவருக்கு உரியதல்ல. அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

## டார்டகோவர்

லாஸ்கரின் அதே நிலையில் 7...குதிரை ஈ4-க்குப் பதில் 7...பி6. சி8 பிஷப் கேள்விக்கு நேரடியான பதில்: பி7-இல் உட்காரவை. காய்கள் அதிகம் மாறுவதில்லை, பலகை நிறைய ஆட்டம் இருக்கிறது. 1984-85இல் மாஸ்கோவில் கார்போவும் காஸ்பரோவும் 48 ஆட்டங்கள் ஆடி 40 டிரா செய்தபோது, இருவருமே கறுப்பில் இதை நம்பினார்கள்.

ஆனால் டார்டகோவரில் கறுப்புக்கு சி5, டி5 என்று பக்கத்தில் துணை இல்லாத இரண்டு சிப்பாய்கள் (தொங்கும் சிப்பாய்கள்) அமையும் வாய்ப்பு அதிகம். அவற்றைத் தாங்கி நிற்பது ஒரு கலை. 1972 ரெய்காவிக், உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். ஸ்பாஸ்கி டார்டகோவர் ஆடினார். அவருடைய பிஷப் பி7-க்குப் போகவில்லை, ஈ6-க்கு வந்தது. ஃபிஷர் தன் குதிரையைக் கொடுத்து அந்த பிஷப்பையே வெட்டி எடுத்தார். அடுத்து 20.ஈ4 என்று உடைத்தார். தொங்கும் சிப்பாய்கள் தொங்கியபடியே நின்றுவிட்டன. ஆட்டம் முடிந்ததும் தோற்ற ஸ்பாஸ்கியே கைதட்டினார். சிப்பாய் அமைப்புகளின் குணம் தெரியாதவர் டார்டகோவர் எடுத்தால் அந்த 20.ஈ4 அவருக்கும் வந்து சேரும்.

டிராவும் வேண்டும், வெற்றிக்கும் இடம் வேண்டும் என்கிறவருக்கு, அதுவும் 1900 ரேட்டிங்கைத் தாண்டியவருக்கு, இதுவே சிறந்தது. கடைசிச் சுற்றுக்கு மட்டுமல்ல, வருடம் முழுக்க ஆடலாம்.

## ஸ்லாவ்

2...சி6. பிஷப்பின் வழியை அடைக்காமலே டி5-ஐத் தாங்குகிறது. 3.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4.குதிரை சி3, டி5 சிப்பாய் சி4-ஐ வெட்ட, 5.ஏ4 பிஷப் எஃப்5. ஐந்தே நகர்த்தலில் பிஷப் வெளியே! இந்த அளவுகோலில் ஸ்லாவுக்கு முழு மதிப்பெண்.

மனப்பாடத்தில் அதற்கான விலையைக் கொடுக்கிறீர்கள். அதே 2010 போட்டியில் ஆனந்த் 3, 5, 8 ஆட்டங்களில் கறுப்பில் ஸ்லாவ் ஆடினார். 6.குதிரை ஈ5 ஈ6 7.எஃப்3 சி5 8.ஈ4 பிஷப் ஜி6 என்று போகும் வரிசை. 11ஆவது நகர்த்தலுக்குள் ராணிகள் மாறிவிடும். முதல் இரண்டும் டிரா. எட்டாவது ஆட்டமும் டிரா நோக்கியே போனது. எதிர்நிற பிஷப்கள் (ஒருவருடையது வெள்ளைக் கட்டங்களில், மற்றவருடையது கறுப்புக் கட்டங்களில்), அதாவது டிராவின் நெருங்கிய சொந்தக்காரர்கள். ஐம்பது நகர்த்தலைத் தாண்டி பிஷப்பை ஒரு கட்டம் தவறி வைத்ததில் ஆட்டம் போனது. அது அதே சி8 பிஷப். உலகச் சாம்பியனுக்கே நடந்தது இது. ஸ்லாவில் ஓப்பனிங்கைப் படித்துவிட்டு எண்ட்கேமை (சில காய்களே மிஞ்சும் இறுதிக் கட்டத்தை) படிக்காமல் விட முடியாது.

இன்னொரு பக்கம் 3ஆவதிலேயே வெள்ளை டி5-இல் வெட்டும் எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவ். இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி. அரைப் புள்ளி போதும் என்றால் உங்களுக்கு வரம். ஆனால் அடுத்த போட்டியில், ரேட்டிங் குறைந்த ஒருவரை ஜெயித்தே ஆக வேண்டிய நாளில், அவரும் இதையே ஆடுவார்.

## யாரும் கணக்கில் சேர்க்காத நான்காவது நகர்த்தல்

லாஸ்கரா டார்டகோவரா என்று இரண்டு மாதம் யோசிக்கிறவர்கள், 4.சி4 சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது என்ற ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. நம் ஊர் ஓப்பன் போட்டிகளில் நான் பார்க்கும் குயின்ஸ் கேம்பிட் ஆட்டங்களில் இந்த எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனே அதிகம். 2...ஈ6 ஆடிய பின் எந்தப் பாதுகாப்பை மனத்தில் வைத்திருந்தாலும் இது வரலாம். வந்தால் நீங்கள் படித்த லாஸ்கரும் இல்லை, டார்டகோவரும் இல்லை.

இங்கே ஈ சிப்பாய் டி5-க்குப் போய்விடுவதால் சி8 பிஷப்புக்கு வழி திறந்துவிடுகிறது. அதனாலேயே பலரும் நிம்மதி அடைந்து ஏமாறுகிறார்கள். வெள்ளை பி4, பி5 என்று சிறுபான்மைத் தாக்குதல் (குறைந்த சிப்பாய்களால் அதிகச் சிப்பாய்களைத் தாக்குவது) நடத்தி, சி6-இல் ஒரு நிரந்தரப் புண்ணை உண்டாக்கும். கறுப்பு ஈ4-இல் குதிரையை ஏற்றி ராஜா பக்கம் வேலை தொடங்காவிட்டால், முப்பது நகர்த்தல் வரை எதுவும் நடக்காதது போல் இருந்து, பிறகு சி6 விழும்.

2024 நவம்பர் 27, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டியில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் மூன்றாவது ஆட்டம். குகேஷ் வெள்ளையில் இதே எக்ஸ்சேஞ்ச் ஆடினார். டிங்கின் சி8 பிஷப் 7ஆவது நகர்த்தலில் எஃப்5-க்கு வந்தது. 9ஆவதில் டிங் ராணிகளை மாற்றினார், 10ஆவதில் பிஷப்பை சி2-க்குள் அனுப்பினார். திரும்பி வரும் வழி அடைபட்டது, பிஷப் பறிபோனது. 37ஆவது நகர்த்தலில் டிங்கின் நேரமும் தீர்ந்தது. என் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தை முதலில் போட்டுக் காட்டுவேன். ராணி மாறினால் டிரா என்ற நம்பிக்கை அவர்களிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. 3.குதிரை சி3-க்கு உடனே குதிரை எஃப்6 ஆடாமல் 3...பிஷப் ஈ7. இப்போது வெள்ளை டி5-இல் வெட்டினால் அதன் பிஷப் ஜி5-க்கு வர முடியாது, எஃப்4-க்குத்தான் போக வேண்டும். வெட்டாமல் 4.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 5.பிஷப் ஜி5 என்று வந்தால் நீங்கள் எதிர்பார்த்த லாஸ்கர் நிலை கைக்கு வந்துவிடும். கட்டலான் என்ற ஜி3 வழி மட்டும் தனியாகப் படிக்க வேண்டியது.

| | சி8 பிஷப் | மனப்பாடம் | வெள்ளை விலகும் வழி | பொறுமை | வெற்றிக்கு இடம் |
|---|---|---|---|---|---|
| லாஸ்கர் | ஈ5-க்குப் பின் முன்வழி, அல்லது பி7 | குறைவு | எக்ஸ்சேஞ்ச், பிஷப் எஃப்4, கட்டலான் | நடுத்தரம் | குறைவு |
| ஆர்த்தோடாக்ஸ் | மிகத் தாமதம் | குறைவு | அதே | மிக அதிகம் | மிகக் குறைவு |
| டார்டகோவர் | பி7 அல்லது ஈ6 | நடுத்தரம் | அதே | நடுத்தரம் | நன்று |
| ஸ்லாவ் | ஐந்தாவதிலேயே எஃப்5 | மிக அதிகம் | எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவ் | நிலையைப் பொறுத்தது | நடுத்தரம் |

## யாருக்கு எது?

தினமும் ஒரு மணி நேரம்தான் படிக்க முடியும், ரேட்டிங் 1400-1800, எண்ட்கேமில் ஓரளவு கை ஓடும் என்றால் 3...பிஷப் ஈ7 வரிசையுடன் லாஸ்கர். எனக்குத் தயக்கமே இல்லை.

நினைவாற்றல் நல்லது, புது வரிசைகளைத் தேடிப் படிக்கப் பிடிக்கும், இறுக்கமான நிலையில் உட்கார்ந்தால் கை பரபரக்கும் என்றால் ஸ்லாவ். இறுக்கம் தாங்காத பிள்ளையை லாஸ்கரில் உட்கார வைத்தால் தேவையில்லாமல் எதையாவது தள்ளி உடைத்துவிடும்.

ஆர்த்தோடாக்ஸை யாருக்கும் முதல் ஆயுதமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் காய் மாற்றம் என்றால் என்ன என்று கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அந்த 1927 டிராக்களில் பத்தையாவது போர்டில் வைத்து ஆடிப் பாருங்கள்.

போன மாதம் ஒரு மாணவி கேட்டாள். 1600 ரேட்டிங், பொறுமை உண்டு, பள்ளித் தேர்வுக்கு நடுவில் ஆடுகிறவள். லாஸ்கர் என்றேன். "எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் சார்?" என்றாள். ஏழாவது நகர்த்தலைத் தொடவே வேண்டாம், முதல் மூன்று வாரம் எக்ஸ்சேஞ்ச் நிலையை மட்டும் வைத்து, ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் கறுப்பு என்று இருபது ஆட்டம் ஆடு என்றேன். நேற்று பதினெட்டாவது ஆட்டத்தை அனுப்பியிருந்தாள். கறுப்பில் ஆடியிருக்கிறாள். வெள்ளை பி5 தள்ளியபோது அவளுடைய குதிரை ஏற்கெனவே ஈ4-இல் நின்றிருந்தது.